குஞ்சுகள் கூட்டில் அடைய, கம்பில் ஏற: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில் பெகு பக்கம் வயலை ஒட்டி எங்கள் வீடு. தாத்தா காலத்திலிருந்தே கோழி உண்டு. கடந்த இருபது வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். மழை விட்டதும், ஐப்பசி கார்த்திகையில், நம் ஆட்கள் பலரும் இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளை வாங்கிவந்து வளர்க்க ஆரம்பிப்பார்கள். தை பிறக்கும்போது கேள்வியும் வந்துவிடும்: “அக்கா, குஞ்சு நல்லா வளர்ந்திடுச்சு, ஆனா ராத்திரி கம்பில் ஏறவே மாட்டேங்குது.” தட்டோனிலிருந்தும் மோல்மினிலிருந்தும்கூடப் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

கோழிக்குக் கம்பில் ஏறக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? அது தானாக வராதா?

பாதி தானாக வரும். மீதியை யாராவது காட்டிக்கொடுக்க வேண்டும்.

இருட்டினால் உயரத்துக்குப் போகவேண்டும் என்ற ஆசை கோழியின் இரத்தத்திலேயே இருக்கிறது. வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. பெகு யோமா மலைக்காடுகளில் இன்றும் அது மரக்கிளையில்தான் இரவைக் கழிக்கிறது. 2020-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மிக நெருங்கிய சொந்தம் பர்மா, வட தாய்லாந்து, தென்மேற்குச் சீனா ஆகிய இடங்களில் வாழும் காட்டுக்கோழி வகைதான் என்று சொன்னது. நம் முற்றத்தில் மேய்கிற கோழி இந்த மண்ணின் கோழி என்று நினைக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஆனால் எந்த இடத்தில் அடைவது, எந்த வழியாக ஏறுவது என்பதைத் தாய்தான் காட்டும். குஞ்சுகளுக்கு ஐந்தாறு வாரம் ஆனபிறகு ஒரு நாள் அந்தியில் உட்கார்ந்து பாருங்கள். தாய்க்கோழி கம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தொண்டைக்குள்ளேயே “க்ளக், க்ளக்” என்று தாழ்ந்த குரலில் கூப்பிடும். குஞ்சுகள் கீழே ஓடும், கழுத்தை நீட்டும், கத்தும். ஒன்று துணிந்து தாவும், வழுக்கும், மறுபடி தாவும். அது ஏறிப் போய்த் தாயின் இறக்கைக்குக் கீழே நுழைந்துவிட்டால் மற்றவையும் பின்னாலேயே வரும். தரையிலேயே நின்று கதறுகிற குஞ்சுக்காகத் தாய் இறங்கி வந்து, மறுபடி ஏறிக் காட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்குபேட்டர் குஞ்சுக்கு இதெல்லாம் செய்ய யாரும் இல்லை. அந்தப் பத்துப் பதினைந்து அந்திகளுக்கு அந்தத் தாய் நீங்கள்தான். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரே வேலையைத்தான்.

எத்தனை வாரத்தில் ஏறும்?

தாயோடு வளர்ந்தால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள். தாய் இல்லாமல் வளர்ந்தால் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம், சில நேரம் அதற்கும் மேலே. மூன்றாம் மாதத்திலும் தரையில் தூங்கினால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குஞ்சுக்கு இரண்டாம் வாரம் ஆகும்போதே சூட்டுக்கு விளக்கு வைத்த குஞ்சுப் பெட்டிக்குள் விரல் பருமனில் ஒரு குச்சியைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வையுங்கள். பகலில் அதன்மேல் ஏறி இறங்கி விளையாடும். தூங்காது, அது பரவாயில்லை. கால் பழகுவது இருக்கட்டும், கண்ணும் பழகுகிறது. மேலே இருப்பது எவ்வளவு தூரம், எப்படித் தாவினால் எட்டும் என்பது சிறு வயதிலேயே பழகவேண்டிய கணக்கு. ஸ்வீடனில் 2000-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டு வாரம் வரை கம்பையே பார்க்காமல் வளர்ந்த கோழிகள், பிறகு உயரத்தில் வைத்த தீனியை எட்டுவதற்கே திணறின. குச்சியோடு வளர்ந்தவை எளிதாக ஏறின.

கம்பு எப்படி இருக்கவேண்டும்?

இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் “ஏற மாட்டேங்குது” என்று கூப்பிட்டவர்களின் கூட்டைப் போய்ப் பார்த்தால் பாதி வீட்டில் குற்றம் கம்பில்தான் இருந்தது.

முதலில் உயரம். இரண்டு மாதக் குஞ்சுக்கு முதல் கம்பு தரையிலிருந்து ஒரு சாண். இரண்டாவது ஒரு முழம். மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்றரை முழம், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாகக் கட்டாமல் ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல் படிப்படியாக உள்ளே தள்ளிக் கட்டுங்கள். நேர்மேலே கட்டினால் மேலே இருக்கிற கோழியின் எச்சம் கீழே இருப்பதன் முதுகில் விழும். சரிவும் நிமிர்ந்து நிற்கக்கூடாது. படுத்த சரிவாக இருந்தால்தான் குஞ்சு பயமில்லாமல் ஏறும், காலையில் அடிபடாமல் இறங்கும். உயரத்திலிருந்து பொத்தென்று குதித்துக் குதித்துத்தான் உள்ளங்கால் வீங்குகிறது, நெஞ்செலும்பும் அடிபடுகிறது.

பருமன்: பெரிய கோழிக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர். உங்கள் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வளைத்தால் ஏறக்குறைய எட்டுகிற அளவு. குஞ்சுக்கு அதில் பாதி போதும், ஆனால் பென்சில் மாதிரி ஒல்லியாக வைத்தால் பிடிமானம் கிடைக்காது. இடம்: கோழி ஒன்றுக்கு 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நம் பங்குனி சித்திரை வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், ஒட்டி உட்கார்ந்தால் அவிந்துபோகும். கம்புக்கும் கம்புக்கும் இடையே, கம்புக்கும் தட்டிச் சுவருக்கும் இடையே ஒரு அடி இருக்கட்டும். இல்லையென்றால் வால் இடிக்கும், கோழி உட்காரத் திரும்பும்போதே வழுக்கும்.

இனி மூங்கில். இங்கே எல்லோரும் மூங்கிலைத்தான் வெட்டிக் கட்டுகிறோம். நல்லதுதான், ஆனால் அதில் மூன்று குறை இருக்கிறது. பச்சை மூங்கிலின் தோல் கண்ணாடி மாதிரி வழுக்கும். அரிவாளின் பின்பக்கத்தால் அந்த மெருகைச் சுரண்டிவிடுங்கள், அல்லது தேங்காய்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள். காய்ந்தபின் அது நீளவாக்கில் வெடிக்கும். அந்த வெடிப்பில் குஞ்சின் நகம் மாட்டிக்கொள்ளும், ஆகவே வெடித்ததை மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: மூங்கிலின் வெட்டுமுனைத் துவாரம்தான் இரவில் இரத்தம் குடிக்கிற செம்பேனுக்கு மாளிகை. களிமண்ணையும் சாம்பலையும் பிசைந்து இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள். முடிந்தால் மரக்கம்பே வையுங்கள், விளிம்பை மட்டும் இழைத்து உருட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, கம்பை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கோழி ஏறாது. எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் ஏறாது.

கூட்டுக்குள்ளேயே போகமாட்டேன் என்கிறது. வாசலில் கூடிப் படுத்துக்கொள்கிறது. என்ன செய்ய?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது தன் வீடு என்று இன்னும் தெரியவில்லை. புதுக் கூட்டுக்கு மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாள் பகலிலும் வெளியே விடாதீர்கள். தீனி, தண்ணீர் எல்லாம் உள்ளேயே. கூடு சின்னது என்றால் முன்னால் தட்டி கட்டி ஒரு சின்ன முற்றம் அடைத்துக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, அடைகிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும் திறந்துவிடுங்கள். தூரம் போக நேரம் இருக்காது, திரும்பி வரும். மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னால்.

இரண்டாவது காரணம் இருட்டு. கோழிக்கு மங்கலில் கண் சரியாகத் தெரியாது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போது கூட்டின் உள்ளே கும்மிருட்டாக இருந்தால், அந்தக் குகைக்குள் போவதைவிட வெளியே நிற்பதே மேல் என்று நிற்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் மழைச்சாரல் அடிக்கிறதே என்று கூட்டைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டினேன். அதுவரை ஒழுங்காக அடைந்துகொண்டிருந்த கோழிகள் அன்று மாலையே வாசலில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டேன், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான்கு நாள் அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் நானே குனிந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, என் கையே எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு சின்ன சோலார் விளக்கு வைத்திருக்கிறேன். கரண்டை நம்ப முடியாத ஊரில் அதுதான் கைகொடுக்கிறது. பொழுது சாயும்போது கூட்டின் பின்பக்க மூலையில், கம்பின்மேல் வெளிச்சம் விழுகிற மாதிரித் தொங்கவிடுவேன். வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே வரும், கம்பு தெரிவதால் ஏறும். எல்லாம் உட்கார்ந்தபின் விளக்கின்மேல் துணியைப் போட்டு மங்கலாக்கி, கொஞ்ச நேரம் கழித்து அணைப்பேன். திடீரென்று அணைத்தால் பாதி ஏறியவை கீழே விழும்.

நேரத்தையும் கவனியுங்கள். நவம்பர் கடைசியில் இங்கே 5.30 மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஜூன், ஜூலையில் 6.40 ஆகும். கடிகாரத்தைப் பார்த்து அடைக்கிறவர்கள் அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில்தான் தவறுகிறார்கள். கோழி அடைகிற நேரத்தைக் கோழிதான் சொல்லும், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.

அந்தியில் தீனி போட்டு வரவழைக்கலாமா?

கட்டாயம். எனக்கு இதைவிடச் சுலபமான வழி தெரியாது. பகல் தீனியைச் சற்றுக் குறைத்து, கடைசிப் பங்கைக் கூட்டுக்குள் மட்டுமே போடுங்கள். இருபது கோழிக்குக் கால் வீசைக் குருணை போதும். இங்கே ஒரு வீசை 1.6 கிலோ சொச்சம், வெளியூரில் இருந்து படிப்பவர்கள் 400 கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். போடும்போது ஒரே சத்தம் கொடுங்கள். நான் தகர டப்பாவைத் தட்டி “பா பா பா” என்பேன். பத்து நாளில் அந்தச் சத்தத்துக்கு வயலின் அடுத்த வரப்பிலிருந்து ஓடிவரும்.

கையால் தூக்கிக் கம்பில் வைத்தால் பழகுமா?

பழகும். ஆனால் எப்போது, எப்படி என்பதில் இருக்கிறது.

நன்றாக இருட்டியபின் போங்கள். வெளிச்சம் இருக்கும்போது வைத்தால் உடனே குதித்துவிடும். டார்ச்சின் முகத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள், கோழி மிரளாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை இறக்கைகளின்மேல். தூக்கியதும் அப்படியே கம்பின்மேல் போடாமல், நெஞ்சு கம்பை மெதுவாகத் தொடுகிற மாதிரிக் கொண்டுபோங்கள். நெஞ்சில் கம்பு பட்டதும் கால் தானாக மேலே வந்து பிடிக்கும். பிடித்த உடனே கையை எடுத்துவிடாதீர்கள். முதலில் உடம்பு விறைப்பாக, நிமிர்ந்து நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் முழங்கால் மடங்கி, வயிற்று மயிர் பாதத்தை மூடிக்கொண்டு இறங்குவது உள்ளங்கையில் தெரியும். அந்தக் கனம் உங்கள் கையிலிருந்து கம்புக்கு மாறுகிறது பாருங்கள், அப்போதுதான் கையை எடுக்கவேண்டும்.

கூட்டத்தில் தைரியசாலி எது என்று பகலிலேயே பார்த்துவைத்து அதை முதலில் வையுங்கள். அதன் பக்கத்தில் அடுத்தது, இரண்டு பக்கமும் உடம்பு படும்படி. ஓரத்தில் தனியாக வைத்த குஞ்சுதான் முதலில் குதிக்கும். குதித்ததை இன்னொரு முறை தூக்கி வையுங்கள். மறுபடியும் குதித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். துரத்திப் பிடித்தால் கூடு என்றாலே பயம் என்றாகிவிடும், பிறகு உள்ளே வரவே யோசிக்கும்.

ஏழு முதல் பத்து இரவு. நடுவில் இரண்டு நாள் விட்டால் எண்ணிக்கை பழையபடி ஆரம்பிக்கும். தினமும் பகலில் ஒரு முறை, எல்லாம் மேயும்போது, கம்பின்மேல் நான்கு நெல்மணியும் வைத்துப் பாருங்கள். தானாக ஏறிப் பழகுவதற்கு அது நல்ல ஆசை.

மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்குகின்றன. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும்.

நான் தனியாகக் குஞ்சு வாங்கி வளர்த்த முதல் வருடம், தை மாதத்தில் ஒரு நாள், இராத்திரி குளிர் 16, 17 டிகிரிக்கு இறங்கியிருந்தது. ஐந்து வாரக் குஞ்சுகள் முப்பது. விளக்கு வேண்டாம், இறகு முளைத்துவிட்டது என்று நானே முடிவுசெய்து எடுத்துவிட்டேன். விடிந்து கதவைத் திறந்தபோது மேலே இருந்தவை கலைந்து ஓடின. கீழே ஏழு குஞ்சுகள் தட்டையாகக் கிடந்தன. உடம்பில் ஒரு காயமும் இல்லை. மூச்சுமுட்டியே போயிருந்தன. அந்த ஏழையும் வாழைக்கு அடியில் புதைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். மூலையை மூலையாக விடாதீர்கள். நான்கு மூலையிலும் ஒரு பலகையையோ தட்டித் துண்டையோ குறுக்கே வளைத்து வைத்து வட்டமாக்கிவிடுங்கள். உமியை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். காற்று நேராக அடிக்கிற பக்கத்தை மறையுங்கள். இறகு முழுதாக மூடும் வரை, ஏறக்குறைய ஆறு வாரம், குளிர் இரவில் சூடு கொடுங்கள். அப்புறம் ஒரு சாண் உயரத்தில் கம்புக்குப் பதில் முதலில் ஒரு அகலப் பலகை வைத்துப் பாருங்கள். குவிந்து தூங்கிப் பழகியவை கம்பைவிடப் பலகைக்குச் சீக்கிரம் வரும். இரண்டு வாரத்தில் பலகையை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே உயரத்தில் கம்பு.

மாமரத்தில் ஏறிவிட்டன. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

பழைய ஆட்கள் அப்படித்தான் விட்டார்கள். நானும் மூன்று வருடமாக மரத்தில் தூங்குகிற ஒரு கிழட்டுப் பெட்டையை அப்படியே விட்டிருக்கிறேன், அதை மாற்ற முடியாது. இளசுகளை மட்டும் விடமாட்டேன்.

மரநாய், மலைப்பாம்பு, ஆந்தை மூன்றுக்கும் மரம் ஏறத் தெரியும் அல்லது இறங்கத் தெரியும். வைகாசியிலிருந்து ஐப்பசி வரை பெய்கிற மழையில் இரவு முழுவதும் நனைந்து உட்கார்ந்தால் சளி பிடிக்கும். இதைவிட முக்கியமாக ஒன்று சொல்லவேண்டும். வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் முற்றம் காலியாகிவிடும், பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குக் கண்ணில் ஒரு சொட்டு விடுகிற தடுப்பு மருந்து இருக்கிறது. ஐ-2 என்ற வகை, கிராமத்துக் கோழிகளை மனதில் வைத்தே செய்தது, மற்ற பலவற்றைவிடச் சூட்டைத் தாங்கும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை விடவேண்டும். பகலில் நாற்பது கோழியைத் துரத்திப் பிடித்துச் சொட்டு விட யாரால் முடியும்? கூட்டில் கம்பில் அடைகிற கோழி என்றால் இரவில் இரண்டு பேர் போதும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் சொட்டு விட, அரை மணியில் வேலை முடிந்துவிடும். மரத்தில் இருப்பதை என்ன செய்வீர்கள்? 2006 மார்ச்சில் மண்டலே, சகாயிங் பக்கம் பறவைக் காய்ச்சல் முதல்முதலாக வந்ததிலிருந்து, நோய் வரும் காலத்தில் கோழியை உள்ளே அடைத்து வைக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

இறக்குவதற்குக் கழியால் அடிக்காதீர்கள். இருட்டில் விழுந்தால் கண் தெரியாமல் எங்காவது போய் ஒடுங்கும், காலையில் இறகுதான் கிடைக்கும். ஏணி வைத்து இரவில் கையால் எடுங்கள், ஒரு வாரம் கூட்டுக்குள்ளேயே அடைத்து வையுங்கள். அதற்குள் தாழ்ந்த கிளையை வெட்டிவிடுங்கள்.

பெரிய கோழிகள் கொத்திக் கீழே தள்ளுகின்றன.

கம்பில் யார் எங்கே என்பது பெரிய கோழிகளுக்கு மானப்பிரச்சினை. மேல் கம்பு அவர்களுக்கு. அதை மாற்ற முயலாதீர்கள். இளசுகளுக்கு எதிர்ச்சுவரில் தனிக் கம்பு கட்டுங்கள். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், நடுவில் வலை கட்டி ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். அப்புறம் ஓர் இரவில், பெரியவை அடைந்தபின், இளசுகளைக் கொண்டுபோய் அவற்றுக்குக் கட்டிய தனிக் கம்பில் வையுங்கள். விடியும்போது சீக்கிரமே போய்க் கதவைத் திறந்துவிடுங்கள், சண்டைக்கு இடம் வேண்டும். இளசுகள் எல்லாம் ஏறக்குறைய பெரியவற்றின் அளவுக்கு வளர்ந்தபின் சேர்ப்பது நல்லது. இரண்டு மாதக் குஞ்சைச் சேவல்களோடு விடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

முட்டைப் பெட்டிக்குள் போய்த் தூங்குகின்றன.

பெட்டி கம்பைவிட உயரமாக இருக்கும். இறக்குங்கள். அந்தியில் ஒரு சாக்கால் மூடுங்கள், காலையில் எடுங்கள். முட்டையிடும் வயது வரவில்லை என்றால் பெட்டியே இப்போது வேண்டாம்.

வெள்ளைக்கோழி ஏறுமா?

பிராய்லருக்கு உடம்பு கனம், கால் தாங்காது. நான்கு விரல் உயரத்தில் அகலப் பலகை போதும், அதற்கும் ஏறாவிட்டால் உமியைக் காய்ந்ததாக வைத்துத் தரையிலேயே விடுங்கள். நாட்டுக்கோழியும் சண்டைக்கோழியும் ஏறும்.

மழைக்காலத்தில் ஏறிக்கொண்டிருந்தது நின்றுவிடுகிறதே?

கூட்டின் முன்புறம் தென்மேற்கைப் பார்த்திருந்தால் சாரல் முழுவதும் கம்பின்மேல்தான். வாசலைக் கிழக்கிலோ வடக்கிலோ வையுங்கள். இங்கத்து வீடுகளைப் போலவே கூட்டையும் காலில் நிறுத்துங்கள், இரண்டடி உயரம் போதும், வெள்ளம் வந்தாலும் தரை நனையாது. ஏறுவதற்குச் சரிந்த பலகையில் குறுக்குச் சட்டம் அடித்து வைக்கவேண்டும், ஈரத்தில் வெறும் பலகை வழுக்கும். கூரைக்கு ‘டனி’ என்று இங்கே சொல்கிற நீர்ப்பனை ஓலை, தகரத்தைவிட நல்லது. வெயிலில் கொதிக்காது, மழையில் சத்தம் போடாது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கே மிரண்டு இறங்குகிற குஞ்சுகள் உண்டு.

சாரலுக்குப் பயந்து நான்கு பக்கமும் இறுக்கி மூடாதீர்கள். உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு சாண் இடைவெளி சுற்றிலும் வேண்டும், வலை அடித்து. காலையில் கூட்டைத் திறந்ததும் கண் எரிந்தால் எச்சத்தின் காரம் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். கொசுவுக்காகக் கூட்டுக்குள் மூட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கொசுவால் அம்மை பரவும் என்பது சரிதான், ஆனால் மூட்டத்தை வெளியே, காற்று வரும் பக்கத்தில், தள்ளிப் போடுங்கள்.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஏறிய கோழிகள் திடீரென்று ஏற மறுக்கின்றன.

கோழியைக் குற்றம் சொல்லாதீர்கள். உள்ளே ஏதோ வந்திருக்கிறது.

முதல் சந்தேகம் செம்பேன். பகலில் கோழியின் உடம்பில் தேடினால் கிடைக்காது. வெடிப்பிலும் கட்டுக் கயிற்றின் மடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். இருட்டியபின் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கம்பின் அடிப்பக்கத்தை, முக்கியமாகச் சுவரில் சேரும் முனையை, அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான். சாம்பல் நிறத்தில் கடுகைவிடச் சிறியதாக ஊர்ந்தால் இன்னும் குடிக்காதது. கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். கயிறுகளை எரித்துவிடுங்கள். கூட்டின் சட்டங்களில் சுண்ணாம்பு அடித்து, இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இதே வேலை, ஏனென்றால் முட்டையில் இருந்தவை அதற்குள் பொரித்து வந்திருக்கும். கூட்டைக் காலியாக விட்டால் செத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம், பட்டினியாக மாதக்கணக்கில் கிடக்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கோழியின் நெஞ்சுத் தோல் வெந்துபோகும், தீப்பயமும் உண்டு.

பேன் இல்லையென்றால் பாம்பு, பெருச்சாளி, மரநாய். தரையை விரலால் நிரவிவிட்டு வாருங்கள், காலையில் தடம் தெரியும். அரை அங்குலத்துக்கு மேல் சந்து எங்கே இருந்தாலும் அடையுங்கள். கூட்டில் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விடுங்கள், நம் பக்கம் நாகம் உண்டு.

இரவு முழுவதும் விளக்கு எரியலாமா?

வேண்டாம். இருட்டில்தான் அவை உண்மையாகத் தூங்கும். இறகு முளைக்காத குஞ்சுக்குச் சூட்டுக்காக வைப்பது வேறு. தடிஞ்சுட் விளக்குத் திருநாளிலும் நம் தீபாவளியிலும் வெடிச்சத்தத்துக்கு மிரளும், அந்த நாட்களில் மட்டும் நான் கூட்டின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். என் குரல் கேட்டால் அடங்குகின்றன.

எப்போது நான் தினமும் போய் நிற்பதை நிறுத்தலாம்?

தொடர்ந்து ஐந்து அந்தி, நீங்கள் டப்பாவைத் தட்டாமல், விளக்குக் காட்டாமல், ஒன்றையும் தூக்கி வைக்காமல், எல்லாம் தானாக ஏறிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. எண்ணுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது கதவைச் சாத்துவது என் சின்ன மகள். வாசலில் நின்று விரலை நீட்டி ஒவ்வொரு கம்பாக எண்ணுவாள். நேற்று இருபத்திரண்டு வரை எண்ணிவிட்டு, “அம்மா, ஒன்னு குறையுது” என்றாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால், புள்ளிச் சிறகு விடைக்கோழி ஒன்று தரையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்து, மற்றவற்றுக்கு நடுவில் இடம் விலக்கி வைத்தோம்.